பதினொன்றரை மணிப் படபடப்பு: மன அழுத்தத்தைச் சாப்பாட்டு வழியில் குறைக்க ஒரு முழு வழிகாட்டி

எனக்கு அது சரியாகக் காலை பதினொன்றரை மணிக்கு வரும். மார்ச் மாதம், கணக்கு முடிக்கும் நேரம், மேசை நிறைய வவுச்சர்கள். திடீரென்று நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று வயிற்றைப் பிசையும். மாரடைப்பு என்றே நினைத்து ஒருநாள் ஆட்டோ பிடித்து ஓடினேன். இசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை. அங்கிருந்த டாக்டரம்மா கேட்டார், "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"காபி."

"அப்புறம்?"

"இன்னொரு காபி."

அவர் சிரிக்கவில்லை. தூக்கம், வேலை, வீடு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "மனசுக்கு அப்புறம் வருவோம், முதல்ல வயித்தைச் சரி பண்ணிட்டு வாங்க" என்றார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை டென்ஷனில் இருக்கிறவனிடம் போய் இட்லி சாப்பிடச் சொல்கிறாரே என்று.

சாப்பாடு உங்கள் கடனை அடைக்காது, மேனேஜரை மாற்றாது, பிள்ளையின் மார்க்கைக் கூட்டாது. கவலைக்கான காரணம் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். ஆனால் வெறும் வயிறு, கூடுதல் காபி, பாதித் தூக்கம், ரத்தசோகை எல்லாம் உடம்புக்குள் ஒரு பொய் அலாரத்தை அடிக்கின்றன. அலாரம் அடித்தால் மனசு சும்மா இருக்குமா? காரணம் தேடும். தேடினால் கிடைக்காத காரணமா? "எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும்" என்பார்கள். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது: முதலில் பிடுங்க வேண்டியவை, அப்புறம் சேர்க்க வேண்டியவை. பெரும்பாலான கட்டுரைகள் பாதாம், வால்நட், டார்க் சாக்லெட் என்று சேர்ப்பதில் ஆரம்பிக்கின்றன. ஐந்து காபியை வைத்துக்கொண்டு நான்கு பாதாம் தின்று என்ன ஆகும்?

சாப்பாட்டால் எவ்வளவு முடியும்

2017ல் ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா என்ற ஆராய்ச்சியாளரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. மிதமானதிலிருந்து கடுமையானது வரை மனச்சோர்வு இருந்த 67 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 12 வாரம் உணவு ஆலோசனை. இன்னொரு பிரிவுக்கு அதே அளவு நேரம் பேச்சுத்துணை மட்டும். முடிவில் உணவுப் பிரிவில் 32 சதவீதம் பேரும், பேச்சுத்துணைப் பிரிவில் 8 சதவீதம் பேரும் நோயிலிருந்து மீண்ட நிலைக்கு வந்திருந்தார்கள். ஆய்வு சிறியது, பார்த்தது மனச்சோர்வை, பதற்றத்தை அல்ல. அதனால் இதை வைத்து ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிக்க வேண்டாம். ஆனால் அவர்கள் சாப்பிடச் சொன்ன பட்டியலைப் பாருங்கள்: முழுதானியம், பயறு, காய்கறி, பழம், கொட்டைகள், மீன், தயிர்போன்ற பால் பொருட்கள், ஆலிவ் எண்ணெய். கடைசி ஒன்றைத் தவிர எல்லாமே நம் தெரு மளிகைக் கடையிலும் மீன் கூடையிலும் இருப்பவைதான்.

தொடங்கும் முன்: இது பதற்றம்தானா?

நெஞ்சில் பாரம், வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, மூச்சு முட்டுவது, குளிர்ந்த வியர்வை — இவை வந்தால் "டென்ஷனாத்தான் இருக்கும்", "கேஸ் ட்ரபிள்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். இசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்றால் நல்லதுதானே.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இன்னொரு விதி. படபடப்பு, நடுக்கம், வியர்வை வந்தால் முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள். 70க்குக் கீழே இருந்தால் அது பதற்றம் இல்லை, சர்க்கரை இறங்கிவிட்டது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள்.

அவசரம் எதுவும் இல்லாதவர்கள் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், வைட்டமின் பி12, சர்க்கரை — இந்த நான்கு போதும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். அச்சு அசலாகப் பதற்றம் போலவே இருக்கும். ரத்தசோகையிலும் மாடி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! "அம்மா எப்பப் பார்த்தாலும் எரிஞ்சு விழறாங்க" என்று சொல்லும் வீடுகளில் முதலில் அம்மாவின் ஹீமோகுளோபினைப் பார்க்க வேண்டும்.

பி12 சத்து விலங்கு உணவிலும் பாலிலும்தான் இயற்கையாகக் கிடைக்கும். சுத்த சைவம், அதிலும் பால் தயிர் அதிகம் சேர்க்காதவர்களுக்குக் குறைய வாய்ப்பு அதிகம். பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களுக்கும் குறையும். இது பலருக்குத் தெரிவதில்லை.

முதல் படி: ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

எதையும் மாற்றாதீர்கள். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, நான்கு விஷயம் மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டோம், காபி டீ எத்தனை, இரவு எத்தனை மணி நேரம் தூங்கினோம், படபடப்போ எரிச்சலோ எப்போது வந்தது. கலோரி எண்ண வேண்டாம், எடை பார்க்க வேண்டாம்.

என் முதல் வார நோட்டிலிருந்து ஒரு நாள்: "6.30 காபி. 8.45 காபி, ரெண்டு பிஸ்கட். 11.20 படபடப்பு. 11.45 டீ. 2.15 சாப்பாடு, தயிர் சாதம் ஊறுகாய். 4.30 டீ, பஜ்ஜி. 7.00 காபி. 10.15 பரோட்டா. தூக்கம் ஒன்றரைக்கு." ஏழு நாளும் கிட்டத்தட்ட இதேதான். படபடப்பு வந்த ஐந்து நாளில் நான்கு நாள், அதற்கு முன் பதிமூன்று மணி நேரத்தில் வயிற்றுக்குள் போன ஒரே திட உணவு இரண்டு பிஸ்கட். மேனேஜர் திட்டிய நாள் அந்த நான்கில் ஒன்றுதான்.

உங்கள் நோட்டு வேறு கதை சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் வருகிறதென்றால் அது திங்கட்கிழமையின் பிரச்சினை, வயிற்றின் பிரச்சினை அல்ல. அது தெரிந்தாலும் லாபமே.

இரண்டாம் படி: காபி

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் ஆளுக்கு ஆள் சண்டைக்கு வருகிற இடம் இது.

நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும். அது தன் இருக்கையில் உட்கார்ந்தால் நமக்கு அசதி வரும், தூக்கம் வரும். காபியில் உள்ள காஃபீன் போய் அந்த இருக்கையில் துண்டு போட்டுவிடும், பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போடுவது மாதிரி. அடினோசின் உட்கார இடமில்லாமல் நிற்கும். நமக்குச் சுறுசுறுப்பு வரும். கூடவே அட்ரினலினும் கொஞ்சம் ஏறும். நெஞ்சு வேகமாக அடிக்கும். நிதானமான ஆளுக்கு அது உற்சாகம். ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவருக்கு அதே அடிதான் பயம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் நோய்ப் பட்டியலில் காஃபீனால் வரும் பதற்றம் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது.

ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபீனைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 என்பது அவர்கள் கணக்கு. அந்த 300 எல்லோருக்குமான உச்சவரம்பு. பதற்றக்காரர்களுக்கு அது அதிகம். பலருக்கு நூறே ஆட்டம் காட்டிவிடும். ஒரே வீட்டில் ஒருவர் இரவு பத்து மணிக்குக் காபி குடித்துவிட்டுக் குறட்டை விடுவார், இன்னொருவர் மாலை நான்கு மணிக் காபிக்கு நள்ளிரவு வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்லீரல் காஃபீனை உடைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சராசரியாக ஐந்து மணி நேரத்தில் பாதிதான் கரையும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் தாமதம். சிகரெட் பிடிப்பவர்களுக்கு வேகமாகக் கரையும். ஆகவே சிகரெட்டை விடுகிறவர் காபி அளவைக் குறைக்காமல் விட்டால், அதே காபி இப்போது இரட்டிப்பாக வேலை செய்யும். "தம்மை விட்டதிலிருந்து ஒரே படபடப்பு" என்பதில் இதற்கும் பங்கு உண்டு.

குறைப்பது எப்படி? ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். 12 முதல் 24 மணி நேரத்தில் மண்டையைப் பிளக்கும் தலைவலி ஆரம்பிக்கும், ஒரு வாரம்கூட நீடிக்கும், எரிச்சலும் சேரும். நான் அப்படி நிறுத்திப் பார்த்து, மூன்றாம் நாள் வீட்டில் எல்லோரிடமும் சண்டை போட்டு, நாலாம் நாள் இரட்டிப்பாகக் குடித்தேன். பிறகு செய்தது இது:

முதலில் கடைசிக் காபியை எடுத்தேன். மாலை ஏழு மணிக் காபி போனது. மூன்று நாள் கழித்து நான்கரை மணி டீ அரை டம்ளர் ஆனது. மதியம் இரண்டு மணிக்குப் பிறகு காஃபீன் வேண்டாம் என்பது இலக்கு. அடுத்து டிகாஷனைத் தொட்டேன். கடைக்காரரிடம் சிக்கரி விகிதத்தைக் கேளுங்கள். சிக்கரி ஒரு செடியின் வேர், அதில் காஃபீன் கிடையாது. 80க்கு 20 வாங்குபவர்கள் 60க்கு 40க்கு மாறினால் நிறமும் கசப்பும் அப்படியே இருக்க, காஃபீன் கால் பங்கு குறைந்துவிடும். (இதற்காகச் சுத்தக் காபிக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள், தெரியும்.) கொட்டையின் வகையையும் பாருங்கள்: ரொபஸ்டாவில் அராபிகாவைப்போல இரண்டு மடங்கு காஃபீன் இருக்கும். கடைசியாக, காலைக் காபியை வெறும் வயிற்றிலிருந்து டிபனுக்குப் பின்னால் தள்ளினேன். இதுதான் கஷ்டம், இதில்தான் பலனும் அதிகம். ஆனால் சாப்பிட்ட கையோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். காபி டீயில் உள்ள டானின் உணவின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

மாலையில் கையில் டம்ளர் இல்லாமல் இருக்க முடியவில்லையா? சுக்கு மல்லிக் காபி போடுங்கள். பெயரில்தான் காபி.

எனர்ஜி டிரிங்க் குடிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டு விதிப்படி அதில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். 250 மில்லி டின் ஒன்றில் 75 என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடவே கரண்டி கரண்டியாகச் சர்க்கரை. பரீட்சைக்கு முந்தைய இரவு இரண்டு டின் குடித்துவிட்டு, ஹாலில் கை நடுங்கினால் அது பயம் மட்டும் அல்ல.

மூன்றாம் படி: காலை டிபன்

நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் உடம்பு தாங்கிப் பிடிக்கும். அதற்கு அது கூப்பிடும் ஆட்களில் அட்ரினலினும் கார்டிசோலும் உண்டு. இரண்டும் மன அழுத்தத்தில் சுரக்கும் அதே ஹார்மோன்கள். அதனால்தான் பசியில் வரும் கோபமும் மேனேஜரைப் பார்த்து வரும் கோபமும் உள்ளே ஒரே மாதிரி இருக்கின்றன. மாவும் சர்க்கரையும் மட்டும் சாப்பிட்டாலும் சிலருக்கு இதே கதை: சர்க்கரை சரசரவென்று ஏறும், இன்சுலின் ஓடி வந்து இறக்கும், இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி நடுக்கம்.

ஆகவே எழுந்து இரண்டு மணி நேரத்துக்குள் டிபன், அதில் கண்டிப்பாகக் கொஞ்சம் புரதம். நம் டிபனில் குறை இங்கேதான். ஓர் இட்லியில் ஏறத்தாழ 2 கிராம் புரதம்தான். மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்றால் வயிறு நிறையும், பத்தரை மணிக்கு மறுபடி கிள்ளும். கூடவே ஒரு முட்டை (6 கிராம்) வைத்தாலோ, ஓட்டல் சாம்பார் மாதிரி தண்ணியாக இல்லாமல் பருப்பு தெரியும் சாம்பாரை ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாலோ கதை மாறும். தேங்காய்ச் சட்னிக்குப் பதில் வேர்க்கடலைச் சட்னி அரைக்கலாம்.

என் தனிப்பட்ட ஓட்டு அடைக்கு. துவரை, கடலை, உளுந்து, பாசிப்பயறு எல்லாம் சேர்ந்த மாவு. முருங்கைக்கீரை கிள்ளிப்போட்டால் அதிலேயே கீரையும் வந்துவிடும். இரண்டு அடை சாப்பிட்டால் ஒரு மணி வரை வயிறு வாயைத் திறக்காது. பொங்கலும் மோசமில்லை, பாசிப்பருப்பை அரிசிக்குப் பாதியாவது போட்டால். புட்டும் கடலைக்கறியும் நல்ல ஜோடி.

கேழ்வரகுக் கஞ்சியைப் பற்றி ஒரு திருத்தம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து உண்டு, மக்னீசியம் உண்டு, நல்ல தானியம்தான். ஆனால் நைஸாக அரைத்த மாவைக் காய்ச்சி வெல்லம் போட்டுக் குடித்தால் அதுவும் வேகமாகத்தான் சர்க்கரையாகும். மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்து, பக்கத்தில் ஒரு கைப்பிடி சுண்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் சாப்பாடே இறங்காது என்பவர்கள் நிறைய. பதற்றம் உள்ளவர்களுக்குக் காலையில் குமட்டுவது சகஜம். ஒரு வாழைப்பழமும் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையும் வாயில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், டப்பாவில் டிபன் எடுத்துப் போய்ப் பத்து மணிக்குச் சாப்பிடுங்கள். இரவு ஒன்பது மணிக்குள் சாப்பாட்டை முடித்தால் இரண்டு வாரத்தில் காலைப் பசி தானாகத் திரும்பும்.

நான்காம் படி: நான்கு மணி

டென்ஷனாக இருக்கும்போது நாக்கு வெள்ளரிக்காயைத் தேடாது. பஜ்ஜியும் பிஸ்கட்டும்தான் கேட்கும். கார்டிசோல் அதிகமாக இருக்கும்போது இனிப்பும் எண்ணெயும் கேட்பது உடம்பின் இயல்பு. மன உறுதி இல்லை என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். மதியம் சரியாகச் சாப்பிட்டிருந்தால் இந்த ஆசை பாதியாகும். சாதத்தைப் பாதியாக்கி வெறும் வயிறாக இருக்கச் சொல்லவில்லை. முதலில் நாலு வாய் கூட்டும் பொரியலும் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சாதத்தைத் தொடுங்கள். காயும் பருப்பும் முன்னால் போனால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

டிராயரில் வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, ஒரு கடலைமிட்டாய் வைத்திருங்கள். கடலைமிட்டாயிலும் வெல்லம் இருக்கிறதே என்றால், இருக்கிறதுதான்; கூடவே கடலையும் இருக்கிறது, பிஸ்கட்டில் மைதாவுக்குத் துணை யாருமில்லை. வாரம் ஒருமுறை மழையோடு பஜ்ஜி சாப்பிட்டால் யாருக்கும் எதுவும் ஆகாது.

ஐந்தாம் படி: இரவு

ஓர் இரவு தூக்கம் கெட்டாலே மறுநாள் பதற்றம் ஏறும். ஆகவே இரவுச் சாப்பாட்டின் வேலை தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பதுதான். படுப்பதற்கு இரண்டரை மூன்று மணி நேரம் முன்னால் முடியுங்கள். பதினொரு மணி பிரியாணியும் பரோட்டா சால்னாவும் படுத்தவுடன் நெஞ்செரிச்சலாக மேலே வரும். நெஞ்சு எரிந்தால் பயம், பயந்தால் படபடப்பு, பிறகு எங்கே தூங்குவது?

மதுவைப் பற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். "டென்ஷனுக்காக ரெண்டு பெக்" என்பது கடன் வாங்கிக் கடனை அடைப்பது. மது மூளையை அமர்த்தும் காபா என்ற ரசாயனத்துக்குத் துணைபோகிறது. அது இறங்கும்போது மூளை எதிர்ப்பக்கம் துள்ளுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, வியர்வை, காரணமில்லாத பயம். தினமும் நிறையக் குடிப்பவர்கள் தாங்களாகவே சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரை போகலாம். டாக்டரின் உதவியோடு நிறுத்துங்கள்.

ஆறாம் படி: இப்போது சேருங்கள்

மேலே உள்ளவை பழகவே மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்கு அப்புறம் இவை.

கீரை வாரம் நான்கு நாள். முருங்கை, அரைக்கீரை, தண்டுக்கீரை, எது மலிவோ அது. எலுமிச்சை பிழிந்தோ, நெல்லிக்காய்த் துவையலோடோ சாப்பிட்டால் கீரையின் இரும்பு நன்றாகச் சேரும். வல்லாரையை ஞாபகசக்திக்கு என்பார்கள். எனக்கு அதன் துவையல் பிடிக்கும், அந்த ஒரு காரணம் போதும்.

மீன் வாரம் இரண்டு நாள். ஒமேகா-3 கொழுப்பு மூளை செல்களின் சுவரிலேயே இருக்கிறது. அதற்கு வஞ்சிரம் வாங்கிச் சொத்தை அழிக்க வேண்டாம். மத்தி, அதாவது சாளை, கானாங்கெளுத்தி, இவைதான் இதில் ராஜா. விலையும் குறைவு. எண்ணெயில் முறுகப் பொரிப்பதைவிடக் குழம்பு நல்லது. சைவர்களுக்கு ஆளி விதைப் பொடியும் வால்நட்டும் உண்டு. ஆனால் அவற்றில் உள்ள வகையை உடம்பு மீன் வகையாகக் கொஞ்சம்தான் மாற்றிக்கொள்ளும்.

மக்னீசியம் நரம்புகளின் பரபரப்பை அடக்க உதவுகிறது. அதற்கென்று தனிப் பட்டியல் வேண்டாம்: வேர்க்கடலை, பூசணி விதை, கம்பு, கேழ்வரகு, பயறு, கீரை. அடையும் சுண்டலும் சாப்பிடுகிற வீட்டுக்கு அது தானாக வந்து சேரும்.

அடுத்தது வயிறு. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற ரசாயனத்தில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உருவாகிறது என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்தி உண்மைதான். ஆனால் அந்தச் செரட்டோனின் மூளைக்குள் போகாது. இடையில் ரத்த-மூளைத் தடுப்பு இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்ளும். அது பால், முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றிலும் உண்டு. குடலும் மூளையும் வேகஸ் நரம்பு வழியாக ஓயாமல் பேசிக்கொள்கின்றன என்பது வேறு விஷயம், அதுவும் உண்மை. பரீட்சைக்கு முன் கழிவறைக்கு ஓடியவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

குடலுக்கு நல்லது என்று இட்லியைச் சொல்வார்கள். மாவைப் புளிக்க வைத்த பாக்டீரியாக்கள் இட்லிப் பானையின் ஆவியில் செத்துவிடும். புளிப்பதால் எளிதில் செரிக்கும், அந்த லாபம் உண்டு. உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் தயிர், மோர், பழைய சோறு. பழைய சோற்றைக் குடல் நோய்களுக்குப் பயன்படுத்த முடியுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அது பதற்றத்துக்கான ஆராய்ச்சி இல்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோர் சேர்த்து, பக்கத்தில் முட்டையோ சுண்டலோ கருவாடோ வைத்துச் சாப்பிட்டால் சித்திரை வெயிலுக்கு அதைவிடச் சுகமான டிபன் எனக்குத் தெரியவில்லை. வெளியிலேயே மூன்று நாள் வைத்த சோறு மட்டும் வேண்டாம்.

பொடி, மாத்திரை, விரதம்

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, இப்போது எல்லா மருந்துக் கடையிலும் டப்பாவாக நிற்கிறது. பதற்றம் கொஞ்சம் குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. கல்லீரல் பாதிப்பு வந்த சம்பவங்களும் உண்டு. தைராய்டு அளவையும் மாற்றலாம். டென்மார்க் 2023ல் அதைத் தடையே செய்தது. கர்ப்பிணிகள், தைராய்டு அல்லது கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் தொட வேண்டாம். மற்றவர்களும் சித்த மருத்துவரையோ டாக்டரையோ கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஆரம்பிக்காதீர்கள். இரும்பு, பி12 மாத்திரைகள் பரிசோதனையில் குறைவு என்று தெரிந்தால் மட்டும்.

விரதம் அவரவர் நம்பிக்கை. ஆனால் சஷ்டிக்கும் சனிக்கிழமைக்கும் ஒன்றும் சாப்பிடாமல் நாலு காபி மட்டும் குடித்துக்கொண்டு இருப்பவர்களுக்குப் படபடப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாலும் பழமும், ஒரு கிண்ணம் சுண்டலும் அனுமதிக்கும் விரத முறையைத் தேர்ந்தெடுங்கள். நோன்பு வைப்பவர்கள் ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பே டீயைக் குறைக்கத் தொடங்கினால் முதல் நாட்களின் தலைவலி தப்பும்.

இன்னொன்று. சாப்பாட்டைப் பற்றிய விதிகளே ஒரு பதற்றமாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்து சர்க்கரைக் கணக்குப் போடும் ஆட்கள். முன்பு பட்டினி கிடந்தோ, அளவில்லாமல் தின்றோ, தின்றதை வாந்தி எடுத்தோ அவதிப்பட்டவர்கள் நோட்டுப் போடும் வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். மனநல மருத்துவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

வீட்டில் யார் செய்வது?

இதையெல்லாம் படித்துவிட்டு, "நாளையிலேருந்து அடை, சுண்டல், கீரை" என்று மனைவியிடமோ அம்மாவிடமோ பட்டியல் நீட்டினால் பதற்றம் உங்களிடமிருந்து அவர்களுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். சனிக்கிழமை இரவு கொண்டைக்கடலையை நீங்களே ஊறப்போடுங்கள். ஞாயிறு காலை குக்கரில் உப்புப் போட்டு வேகவைத்து மூன்று டப்பாவில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். புதன் வரை தாங்கும். கீரை ஆய்வது அரை மணி நேர வேலை, டிவி பார்த்துக்கொண்டே முடியும். எனக்கு அந்த அரை மணி நேரம் கைக்கு வேலையும் தலைக்கு ஓய்வுமாக இருக்கிறது.

எப்போது டாக்டர்

ஆறு வாரம் ஓரளவு ஒழுங்காகச் செய்தும் தூக்கம் திரும்பவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, வெளியே போகவே பயம் என்றால் இது அடுப்பங்கரையில் தீரும் விஷயம் இல்லை. ஆலோசனை, மாத்திரை இரண்டுக்கும் நல்ல பலன் உண்டு. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஆறு வாரம் ஆறு நாள் என்று பார்க்க வேண்டாம், அன்றே பேசுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றியதும் நன்றாக இருக்கிறதென்று மாத்திரையைத் தாங்களே நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற பதற்ற மாத்திரைகளோடு மது சேரவே கூடாது. ஃபுளுவாக்சமைன் என்ற மனநல மாத்திரை எடுக்கும்போது காஃபீன் உடம்பை விட்டுப் போக மிகவும் தாமதமாகும், ஒரு காபியே நாலு காபி வேலை செய்யும். லித்தியம் எடுப்பவர்கள் காபியைச் சட்டென்று குறைத்தால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறலாம்; குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். போகும்போது அந்த 40 பக்க நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அவர் கேட்கப்போகும் பாதிக் கேள்விக்குப் பதில் அதில் இருக்கும். என் டாக்டரம்மா இரண்டாம் முறை என்னைப் பார்த்தபோது நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டது ஒன்றுதான்: "இந்தப் பத்தேகால் மணி பரோட்டா இன்னும் இருக்கா?"

வெள்ளிக்கிழமை மட்டும் இருந்தது. அதை விட்டுவிட்டார்.